இன்னொரு தரம் சொல்லுங்க

வேலை முடிந்து வந்ததும் அவன் மைக்கை மாட்டிக்கொள்வான். இணையத்தில் பலரும் சேர்ந்து விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில் அவன்தான் கட்டுப்பாட்டு அதிகாரி. அவன் சொன்னால்தான் யாரும் தரையிறங்க முடியும்.

மைக் இரைச்சலில் கரகரத்த குரலில் ஒரு கத்துக்குட்டி விமானி மட்டும் தினமும் அவன் உயிரை வாங்கினார்.

"மூவாயிரம் அடிக்கு இறங்குங்க."

"சரியா கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்க."

நாலாவது தரம் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"காது கேக்காதவங்கள்லாம் எதுக்குய்யா இங்க வந்து கழுத்தறுக்கறீங்க?" என்று சொல்லி, அவரை விளையாட்டிலிருந்தே நிரந்தரமாக நீக்கினான்.

ஐந்தே நிமிடத்தில் ஊரிலிருந்து அம்மா அழைத்தாள்.

"அப்பாவை என்னடா சொன்ன? மைக்கைக்கூடக் கழட்டாம கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்காரு."

"அது அப்பாவா?"

"உன் குரலைக் கேக்கத்தான் இந்தக் கருமத்தைக் கத்துக்கிட்டாரு. அவருக்குக் காது நல்லாத்தான்டா கேக்குது. ரெண்டு வருஷமா நீதான் அவர் போனை எடுக்கல."