சிவக்காத தாள்

அன்றும் விடிந்ததும் விடியாததுமாக ஒதீலியாவின் குரல் மலைச்சரிவு முழுக்கக் கேட்டது.

"என் ஊத்துத் தண்ணிய எவளோ மொண்டுட்டுப் போயிட்டா. அவ கை விளங்காமப் போக."

நிக்கானோர் அவித்த உருளைக்கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர்தான் அந்த ஆண்டீஸ் மலை ஊரின் தண்ணீர் நீதிபதி. எந்த நாளில் யார் வயலுக்கு வாய்க்கால் திரும்பும் என்று சொல்வதும், தண்ணீர்ச் சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் வேலை. பதவிக்கு அடையாளமாக வெள்ளிப் பூண் போட்ட கோல்கூட உண்டு. ஆனால் இதுவரை ஒரு திருட்டையாவது கண்டுபிடித்தாரா என்றால் இல்லை. அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஊரில் நல்ல தண்ணீர் ஒதீலியாவின் கொல்லை ஊற்றில் மட்டும்தான். கீழே இருக்கிற கிணறுகளில், மூடிப்போன சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து, காய்ச்சினாலும் போகாத ஈயம் இறங்கிவிட்டது. சுகாதார நிலையத்துப் பெண் கொடுத்த சோதனைத் தாள்தான் அதைக் காட்டிக் கொடுத்தது. விரல் நீளத் தாள். நல்ல தண்ணீரில் தோய்த்தால் வெள்ளையாகவே இருக்கும். ஈயம் கலந்திருந்தால் மிளகாய்ப்பழமாகச் சிவக்கும்.

அன்றிலிருந்து கீழ்த்தெருக்காரர்கள் ஒதீலியாவின் வாசலில் போய்க் கேட்டுத் தண்ணீர் வாங்கி வந்தார்கள். அவளும் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.

கேட்காதவள் ஒருத்திதான். ஹசிந்தா. ஒரு திருவிழாவில் அவள் காய்ச்சிய ஆட்டுச் சூப்பை ஒதீலியா ஒரு வாய் குடித்துவிட்டு, ஆடு இந்தப் பானை ஓரமாக நடந்து போயிருக்கும் போல என்று சொல்லிவிட்டாள். ஊரே சிரித்தது. இனி ஒதீலியா கையால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாங்குவதில்லை என்று ஹசிந்தா அங்கேயே உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் சிலைக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டாள்.

நிக்கானோருக்குப் பொறி தட்டியது. கேட்டு வாங்காதவள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறாள்?

தாளும் கோலுமாக நேரே அவள் வீட்டுக்குப் போனார். ஹசிந்தா கைக்குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு அதற்குச் சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பருகே இருந்த தண்ணீர்ப் பானையில் நிக்கானோர் தாளைத் தோய்த்தார். அது சிவக்கவே இல்லை.

"தண்ணி நல்லாயிருக்கே. எங்க எடுத்தே?"

"எங்க கிணத்துலதான்."

"போன மாசம் உங்க கிணத்துல தாள் ரத்தமாச் சிவந்துச்சே."

"சான் இசித்ரோகிட்ட வேண்டிக்கிட்டேன். சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாரு."

"உன் கிணத்தை மட்டுமா?"

"மத்தவங்க யாரும் வேண்டிக்கலையே அண்ணே."

நிக்கானோர் கிணற்றடிக்குப் போய் இன்னொரு தாளைத் தோய்த்துக் கொண்டுவந்தார். தாள் சிவந்திருந்தது. அதைப் பார்த்த ஹசிந்தாவின் முகமும் சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நிற்கத் தயாராக இரு என்றார். இந்தமுறை உன் வயலுக்கு வாய்க்கால் திரும்பாது என்றும் சொன்னார்.

ஹசிந்தா பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். கஞ்சியையும் அதன் மேலேயே கொட்டினாள். பிறகு கிணற்றில் இறைத்த தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள்.

"இனி அந்தக் கொல்லைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். போதுமா?"

நிக்கானோருக்குப் போதும். கால் தரையில் பாவாமல் மேட்டுக்கு ஏறிப் போய், தாளை வைத்தே திருடியைப் பிடித்த கதையை ஒதீலியாவுக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். பாதியில் நிறுத்தி, முதலிலிருந்து இன்னொரு முறையும் சொன்னார். பாராட்டு வரும் என்று பார்த்தால், ஒதீலியாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"தண்ணிய எல்லாம் கொட்டிட்டாளா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

"இப்ப அடுப்புல என்ன தண்ணி கொதிக்குது?"

"கிணத்துத்..."

அப்போதுதான் அவருக்கு ஹசிந்தாவின் முதுகில் இருந்த குழந்தை நினைவுக்கு வந்தது.

"கண்டுபிடிங்கன்னு உங்களை யாருண்ணே கேட்டது?" என்றாள் ஒதீலியா. "கொல்லைப் படலைத் திறந்துபோட்டு, பானைய அவ கைக்கு எட்டற மாதிரி நிறைச்சு வைக்கிறேன். அவ வந்து போற வரைக்கும் நாய் வாயைப் பொத்திக்கிட்டு, எனக்கு வர்ற இருமலையும் அடக்கிக்கிட்டுக் கிடக்கிறேன். அத்தனையும் கெடுத்துட்டீங்க."

"அப்புறம் ஏன் தெனமும் ஊரைக் கூட்டுறே?"

"கத்தலேன்னா நான்தான் குடுக்கிறேன்னு தெரிஞ்சுபோயிடும். குடுத்தா அவ வாங்கமாட்டா. என்கிட்ட திருடுறதுன்னா ஓடி வருவா."

நிக்கானோர் தலையைச் சொறிந்தார். ஹசிந்தாவிடம் போய், தாள் ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு, அதை நம்பி உன்மேல் பழி போட்டுட்டேன்னு சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"தாள் மேல பழி போடாதீங்க. அதை நம்பித்தான் ஊர்ப் பிள்ளைங்க தண்ணி குடிக்குது. உங்களுக்கு வயசாயிடுச்சு, எந்தத் தாளை எதுல தோய்ச்சோம்னு குழம்பிப்போச்சுன்னு சொல்லுங்க."

நிக்கானோர் தன் வெள்ளிப் பூண் கோலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். பிறகு வாசலை நோக்கித் திரும்பினார்.

"நல்லா மன்னிப்புக் கேளுங்கண்ணே," என்றாள் ஒதீலியா பின்னாலிருந்து. "நாளைக்குக் காலையில அவ திருட வந்தாகணும்."