வரிசைப்படி சொல்லுங்க

"அந்த வீட்டுல மனுஷங்க குடியிருக்கல சார், கஞ்சாச் செடிதான் குடியிருக்கு! கொஞ்சம் சீக்கிரம் வாங்க!"

தொலைபேசியில் வந்த குரல் கொதித்தது. புகார் எடுக்கும் காவலர் கொதிக்கவில்லை. பதினெட்டு வருட சர்வீஸில் அவர் சூடானது இரண்டே தடவைதான், இரண்டும் காய்ச்சலில். மஞ்சள் படிவம் ஒன்றை உருவி மேசையில் வைத்து, மடங்கியிருந்த ஓரத்தைக் கட்டை விரலால் நீவிவிட்டார்.

"வரிசைப்படி சொல்லுங்க பெரியவரே. மொத கட்டம், குற்றம் நடக்கிற இடம்."

"பள்ளிக்கூடத்துக்குப் பின் தெரு, பதினோராம் நம்பர். ஆனா சார், நான் எங்க இருக்கேன்னா..."

"புகார்தாரர் இருப்பிடம் ஏழாவது கட்டம். அது வரும்போது சொல்லுங்க."

காவலரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை கட்டம் தாண்டி எழுதப்பட்ட படிவம் மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் நடந்து முடிவதற்குள், சம்பந்தப்பட்ட திருடன் வயதாகி இயற்கையாகவே இறந்துபோனான் என்பது அந்த நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

"ரெண்டு, குற்றத்தின் விவரம்."

"மாடி முழுக்க நூத்தி நாப்பது தொட்டி சார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, உள்ள சூரியன் கணக்கா விளக்கு. நாப்பது வருஷம் பூங்காவுல செடி வளத்தவன் நான். ரோஜாவுக்குக்கூட இப்படி உபசாரம் பண்ணதில்ல. செடிக்கு ஃபேன், செடிக்கு ஏசி. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு இருமல்!"

"நூத்தி நாப்பதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு எண்ணத் தெரியும் சார்."

"ஏதாவது ஓட்டை வழியா எட்டிப் பாத்திருப்பீங்க. அடுத்தவங்க வீட்டை எட்டிப் பாக்கறதும் தப்புதான். இந்தத் தடவை விட்டுடறேன்" என்றார் காவலர், பெருந்தன்மையோடு. "மூணு, பாதிக்கப்பட்டவங்க."

"தெருவே பாதிக்கப்பட்டிருக்கு சார்! பக்கத்து வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரே சுவர். செடியோட ஈரம் சுவரைத் தாண்டிப் போய், அங்க கைக்குழந்தையோட இருக்கிற பொண்ணு வீடெல்லாம் பூஞ்சை. விடிய விடிய குழந்தை இருமுது. எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள், என்னய்யா நாத்தம்னு தெருவுல நின்னு சத்தம் போட்டார். சாயந்தரம் ரெண்டு பேர் போய் அவர்கிட்டப் பேசினானுங்க. மறுநாள்லேருந்து அவருக்கு மூக்கே இல்ல. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க, 'என்னடா இது வாடை'ன்னு கேட்டுக்கிட்டுப் போகுதுங்க. இன்னும் கொஞ்ச நாள்ல 'என்னடா'ன்னு கேக்காதுங்க சார், 'எங்கடா கிடைக்கும்'னு கேக்குங்க!"

"இதெல்லாம் கண்ணால பாத்ததா, காதால கேட்டதா?"

"கேட்டதுதான்."

'காதால் கேட்டது' என்று எழுதி, காவலர் அடிக்கோடிட்டார்.

"சார், உங்க கட்டத்தை அப்புறம் கட்டிக்குங்க. காலையிலேருந்து ஒயர் பொசுங்கற வாடை வருது. மீட்டருக்கு முன்னாடியே கரண்டைத் திருடி இழுத்திருக்கானுங்க. நிறுத்தலாம்னா மெயின் சுவிட்சே கிடையாது. தரையெல்லாம் தண்ணி. தீப்பிடிச்சா, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிற குழந்தைதான் சார் மொதல்ல!"

"தீ நம்ம இலாகா இல்ல. பிடிச்சப்புறம் அவங்களுக்குச் சொல்லுவோம். நாலு, உங்க போன் நம்பர்."

"இது என் போன் இல்ல. மண்ணு மூட்டை கொண்டுவந்தவன் மறந்து வச்சிட்டுப் போயிட்டான். அதைத் திறக்கத் தெரியல, உங்க அவசர நம்பர் மட்டும்தான் போகுது. அவன் தேடி வர்றதுக்குள்ள..."

"வந்தா ஒழுங்கா குடுத்துடுங்க. இந்த வயசுல அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படக் கூடாது."

மறுமுனையில் 'பட்'டென்று ஏதோ வெடித்தது. கண்ணாடி சிதறும் சத்தம். பெரியவர் இருமினார். எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து, ஒரு குழந்தை வீறிட்டது.

காவலரின் பேனா நின்றது.

"என்னய்யா அது?"

"விளக்கு ஒண்ணு வெடிச்சுது சார். ஒயர்ல புகை வருது."

பதினெட்டு வருடத்தில் மூன்றாவது தடவையாக, காய்ச்சல் எதுவும் இல்லாமலே, காவலர் சூடானார். நாற்காலி பின்னால் சரிந்து விழ எழுந்து நின்று, இன்னொரு தொலைபேசியில் ரோந்து வண்டியையும் தீயணைப்பு வண்டியையும் பதினோராம் நம்பருக்கு விரட்டினார். ஐந்தும் ஆறும் வெள்ளையாகவே கிடந்தன.

"பெரியவரே, வண்டி கிளம்பிடுச்சு! அதுக்குள்ள அந்தப் பொண்ணையும் குழந்தையையும் எழுப்பித் தெருவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. ஓடுங்க!"

"மூணு நாளா தட்டிக்கிட்டுதான் சார் இருக்கேன். குழந்தை தூங்குது, சுவரைத் தட்டாதீங்கன்னு அவ என்னைத் திட்டறா."

"சுவரை எதுக்குய்யா தட்டறீங்க? வாசல் வழியா போய்க் கதவைத் தட்டுங்க!"

"தோட்டக்காரர் வேணும்னு கூப்பிட்டானுங்கன்னு வந்தேன் சார்" என்றார் பெரியவர். "வந்த அன்னிக்கே என்னை உள்ள விட்டு வெளியில பூட்டிட்டானுங்க. வாசலைப் பாத்து நாலு மாசமாச்சு."