எங்கே கிளம்பிட்டேள்?

"எங்கே கிளம்பிட்டேள்?"

கேட்டது கீழ் வீட்டு அபயாம்பாள் மாமி. மாட்டிக்கொண்டது மூன்றாம் மாடி வேங்கடசுப்ரமணியன். நெற்றியில் பளிச்சென்று விபூதி, கையில் தோல் பை, கட்டட வாசலைத் தாண்ட வலது காலைத் தூக்கிய சமயம்.

வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கலாமோ? பம்பாய் மாட்டுங்காவில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும். மிஞ்சிப் போனால் "தூரமா?" என்று கேட்கலாம். மாமிக்கு மட்டும் இத்தனை வயதாகியும் தெரியவில்லை, பாருங்கள்!

"போச்சு, எல்லாம் போச்சு!" வேங்கடசுப்ரமணியன் பையைத் தொப்பென்று போட்டார். "கப்பல் டிக்கெட் வாங்கப் போறவனை எங்கேன்னு கேக்கறேளே, உங்க நாக்குல என்ன சனியா உட்கார்ந்திருக்கு?"

மூன்று மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

மனுஷர் கோபத்திலும் நியாயம் உண்டு. அவர் கம்பெனி அவரை, வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த ஏடன் துறைமுகக் கிளைக்கு ஹெட் கிளார்க்காகப் போகச் சொல்லியிருந்தது. கட்டடம் பூராவும் மைசூர்பாகு கொடுத்துக் கொண்டாடிவிட்டார். பத்தாம் நாளே பேப்பரில் சேதி வர ஆரம்பித்தது. ஏடன் கடைத்தெருவில் குண்டு. ஹோட்டல் வாசலில் குண்டு. வெள்ளைக்காரனைக் குறிவைத்து வீசுகிற குண்டுக்கு, பக்கத்தில் நிற்பது மாட்டுங்கா ஆசாமி என்று தெரியவா போகிறது?

அவசர வேலை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சர்க்காரும் சொல்லிவிட்டது. கம்பெனியும் இறங்கி வந்தது. "இஷ்டம் இருந்தால் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் டிக்கெட் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் இப்போதைக்கு யாரையும் அனுப்பப் போவதில்லை."

"சர்க்கார் ஆயிரம் சொல்லும். குண்டுக்குப் பயப்படற ஆளா நான்?" என்று மாடிப்படியில் நின்று மார்தட்டினார் வேங்கடசுப்ரமணியன்.

பயந்தவள் அவர் மனைவி நாகலக்ஷ்மிதான். இடுப்பில் ஒன்று, தூளியில் ஒன்று. "போகாதேங்கோ" என்று வாயைத் திறந்தாலே, "பொம்மனாட்டிகளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!" என்று ஒரே போடாகப் போட்டார். அவள் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அன்று திங்கட்கிழமை. மாடிக்குத் திரும்பி வந்த வேங்கடசுப்ரமணியன், சாஸ்திரப்படி உட்கார்ந்தார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரை ஆயிடுத்து. எமகண்டம் ஆரம்பம். எமகண்டத்துல யாராவது ஏடனுக்கு டிக்கெட் வாங்குவாளோ?"

அன்றைய பயணம் ரத்து.

புதன்கிழமை பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் இறங்கினார்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

திரும்பினார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். ராகுகாலம் வந்துவிட்டது.

கடைசி நாளான வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, ராகுகாலத்துக்கு அரை மணி முன்னால், இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் இறங்கினார். மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டேள்?"

அன்று அவர் போட்ட கூச்சல் கிங்ஸ் சர்க்கிள் வரை கேட்டிருக்கும். "மூணாந்தரம்! நான் போகத் துடிக்கிறேன், இந்த மாமி வாய் என்னைப் போக விடலை. நன்னாப் பார்த்துக்கோங்கோ எல்லாரும்!"

எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். பால் பூத் வரிசையில் மாமி பக்கத்தில் நிற்க ஆளில்லை. ஆபீசுக்குப் போகிறவர்கள், அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். இரண்டாம் மாடி வளைகாப்புக்கு எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது, மாமி வீட்டைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேங்கடசுப்ரமணியன் குறட்டை விடுகிற நேரம் பார்த்து, நாகலக்ஷ்மி கீழே ஓடினாள். மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னாலதானே மாமி உங்களுக்கு இந்தக் கெட்ட பேர்! திங்கட்கிழமை நீங்க ஏதோ வாய் தவறிக் கேட்டேள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போச்சு. புதனும் வெள்ளியும் அதே மாதிரி கேளுங்கோன்னு உங்க காலைப் பிடிச்சேன். என் குழந்தைகளுக்கு அப்பாவைக் காப்பாத்திக் கொடுத்தேள். உங்களையா வளைகாப்புக்குக் கூப்பிடலை? எனக்குத் தாங்கலை மாமி. மாடி மாடியா ஏறி எல்லாரண்டையும் உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"ஐயோ, வேண்டாண்டி! சொன்னா உங்க ஆத்துக்காரர் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுப்பார்?"

"அவருக்கென்ன? அவர் நிஜமாவே போகத் துடிச்சவர்தானே? நான்தானே தடுத்தேன்?"

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அசடே! திங்கட்கிழமை நான் வாய் தவறிக் கேட்டேன்னு யாரு சொன்னா உனக்கு?"

"பின்னே?"

"போன ஞாயித்துக்கிழமையே உங்க ஆத்துக்காரர் இங்கே வந்து கெஞ்சிட்டுப் போனார். 'மூணு நாளும் மறந்துடாதேங்கோ மாமி. கொஞ்சம் உரக்கவே கேளுங்கோ, மூணாம் மாடி வரைக்கும் கேக்கணும்'னு!"