பழசு

சர்வர் படுத்துவிட்டது என்று தெரிந்தும் மருத்துவமனையில் யாரும் பதறவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஞானசேகர் இருக்கிறானே என்ற தைரியம். "பேக்கப் காப்பி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார் டாக்டர் ரெஜினா. உள்ளே ஆபரேஷன் மேசையில் ஒரு பெண் நினைவில்லாமல் கிடந்தாள். அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது அந்த சர்வரில்தான் இருந்தது. "இருக்கு மேடம்" என்றான். எங்கே என்று சொல்லவில்லை. தினமும் நகல் போய்ச் சேர்ந்தது அவன் மனைவி பூங்கொடி ஃபோன் படங்களைச் சேமிக்கும் கிளவுடில். அவனுடையது எப்போதோ நிரம்பிவிட்டது. தப்பித்தவறிக்கூட அவள் திறந்து பார்க்கக் கூடாதென்று அந்த ஃபோல்டருக்குப் 'பழசு' என்று பெயர் வைத்திருந்தான். இப்போது அதைக் காணவில்லை. வராந்தாவுக்கு ஓடி அவளை அழைத்தான்.

"கிளவுட்ல 'பழசு'ன்னு ஒண்ணு இருந்துச்சே, பாத்தியா?"

"இன்னைக்குப் போகியாச்சே. வீட்டை ஒழிச்ச கையோட அதையும் ஒழிச்சேன். இடமில்லைன்னு பாப்பா வீடியோ ஏறவே மாட்டேன்னுச்சு."

"சரி, கிளவுட் குப்பைத்தொட்டியில கிடக்கும். நீ எதையும் தொடாத, நான்..."

"என்னங்க நீங்க, பழசைத் தெருவுல கொண்டுபோய்ப் போட்டுட்டு, கொளுத்தாம யாராவது வருவாங்களா?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டாக்டர் ரெஜினா கையுறையை மாட்டியபடி, வந்துவிட்டதா என்று புருவத்தை உயர்த்தினார். அவன் தலை ஆடியது. ஆமென்றா இல்லையென்றா என்று அவனுக்கே விளங்குவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.