முதல் லைன்

"எஸ்டேட் ஆஸ்பத்திரி லைனைக் கட் பண்ணிட்டு மேனேஜர் பங்களாவுக்குக் கொடு," என்றார் மேலதிகாரி ஆனந்தகிருஷ்ணன். வாயில் எண்ணெய் வழியும் பாதிப் பழம்பொரி இருந்தது.

திருவனந்தபுரம் நெட்வொர்க் கன்ட்ரோல் ரூமில் பொன்செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வித்துராவுக்கு மேலே மண் சரிந்து, பொன்முடி எஸ்டேட்டுக்குப் போகும் பெரிய ஃபைபர் கேபிள் காலையில் அறுந்துவிட்டது. மிச்சமிருந்த பழைய கேபிளில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் வீடியோ ஒழுங்காகப் போகும்.

"சார், ஆஸ்பத்திரிதானே முதல்ல? அங்கிருந்து ஈசிஜி வந்தாத்தான் இங்க டாக்டர் பார்த்து மருந்து சொல்லுவார். பங்களாவுல என்ன அவசரம்?"

"மேல இருந்து ஆர்டர். சொன்னதைப் பண்ணு, கேட்டோ!"

அவருடைய போன் அடித்தது. எண்ணெய் விரலாலேயே அவளுடைய கீபோர்டைத் தட்டி லைனை மாற்றிவிட்டு, பேசிக்கொண்டே வெளியே போனார்.

பொன்செல்வி கீபோர்டில் பளபளத்த எண்ணெயைப் பார்த்தாள். போன மாசம்தான் யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தை லைவ் காட்ட, இதே ஆள் ஒரு ஸ்கூல் லைனைப் பிடுங்கினார். அந்தப் பங்களாவையும் அவளுக்குத் தெரியும். அந்த எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்தவள் அவள். அம்மா மாடம்மாள் இருபது வருஷம் அந்த வாசலைப் பெருக்கியும் ஒருநாள்கூட உள்ளே விட்டதில்லை.

அங்கே குடியும் கூத்தும் நடக்கும். லயத்துச் சனம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாகணும். சே!

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் நோயாளியோடு அல்லாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

வேலை போனால் போகட்டும். பங்களா லைனைத் துண்டித்து, அத்தனையையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினாள். அப்புறம்தான் கீபோர்டிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

இரண்டு நிமிஷத்தில் மேஜைப் போன் அலறியது.

"மேடம், எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் சபீனா பேசுறேன்! நெஞ்சுவலி கேஸ். ஸ்கிரீன்ல டாக்டர் ஊசி அளவு சொல்லிட்டிருக்கும்போதே லைன் போயிட்டு!"

"பயப்படாதீங்க சபீனா. இப்பத்தான் ஆஸ்பத்திரிக்கு முழு லைனும் கொடுத்திருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்கா? அது மண் சரிஞ்சு காலையிலயே இடிஞ்சு விழுந்துட்டு மேடம்... நாங்க எல்லாரும் பங்களாவுல இருக்கோம்!"