மஞ்சள் குடை

"மூணாவது கடை! ஷெர்ரி ஒயினை மடக்குனு குடிக்காதீங்க, வாயில வச்சு ருசிங்க!"

ஹெரெஸ் நகர வழிகாட்டி காசில்டா மஞ்சள் குடையை உயர்த்தியபடி நுழைய, பின்னாலேயே பன்னிரண்டு பேர் பாட்டும் கும்மாளமுமாக நுழைந்தார்கள். இவ்வளவு குஷியான சுற்றுலாக் கூட்டம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

வறுத்த இறால் தட்டு காலியாகும் நேரத்தில், சுற்றுலா அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"காசில்டா, உன் ஆளுங்க எங்கடி?"

"இங்கதான், இறாலை ஒரு கை பாத்துட்டிருக்காங்க."

"உன் ஆளுங்க பன்னிரண்டு பேரும் சர்ச்சுல உக்காந்திருக்காங்கடி! மாப்பிள்ளை வீட்டாரை அழைக்க வந்த பொண்ணு வீட்டுக்காரரும் மஞ்சள் குடை வச்சிருந்தாராம், சதுக்கத்துல ஆள் மாத்தி இவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாராம். இவங்கள்ல மாப்பிள்ளை யாருன்னு பாதிரியார் தேடிட்டிருக்காரு!"

காசில்டா மெல்லத் திரும்பினாள்.

கோட்டில் வெள்ளைப் பூ செருகியிருந்த இளைஞன் கோப்பையை உயர்த்தினான். "அக்கா, உங்க ஊர் கல்யாண வழக்கம் பிரமாதம்! சர்ச்சுக்கு முன்னாடி இன்னும் எத்தனை கடை?"