இத்தனை கொத்தனார்கள்

இயந்திரத்தின் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. நிற்கிற வழியைக் காணோம்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். கோளாறு கண்ணாடியில் இல்லை.

குழாயில் இருந்தது அவள் கணவனின் ரத்தம்.

இதய நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்கிற கூடம் அது. கணவன் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். மனைவி அதை இயந்திரத்தில் ஏற்றி எண்ணுபவள். நோயாளிகளுடையதை எண்ணும் முன், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஓர் ஆளின் ரத்தத்தை முதலில் ஓட்டுவது அங்கே வழக்கம். வருடக்கணக்காக அந்த ஆள் அவர்தான். கூடத்தில் அவருக்குப் பெயரே குதிரை. அவர் ரத்தத்தில் ஒரு சொட்டு சிந்தினால் மேஜையின் கீறல் தானாக மூடிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. மேஜையில் கீறல் இல்லாதது என்னவோ உண்மை. மேஜை புதிது.

எண்ணப்படுபவை, எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி ரத்தத்தோடு சுற்றிவரும் செல்கள். ரத்தக்குழாயின் உட்சுவரில் எங்கே காரை பெயர்ந்தாலும் போய் ஒட்டிப் பூசிவிடும். அவள் அவற்றைக் கொத்தனார்கள் என்பாள். நாள்பட்ட நோயாளிகளிடம் நாலைந்து பேர் தேறினால் பெரிது. குதிரையிடம் எப்போதும் ஒரு தெருவுக்குப் போதுமான ஆட்கள் உண்டு. இன்று ஊரையே கட்டலாம்.

அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா? இந்த வயசுல எவனுக்கு வரும் இந்த எண்ணிக்கை?"

"ரொம்பத்தான். அதுல நாலு பேர விட்டு மொதல்ல உங்க வாயப் பூசச் சொல்லுங்க."

பெரிய டாக்டரிடம் பீற்றிக்கொள்ள அவர் மேல்மாடிக்குக் கிளம்பினார்.

சிரித்த முகத்தோடுதான் அவள் அடுத்த அளவைத் திறந்தாள். உடம்புக்குள் எங்காவது புண்பட்டால் ஏறுகிற அழற்சியின் அளவு. அது கூரையில் முட்டிக்கொண்டு நின்றது.

சிரிப்பு இறங்க மறந்து முகத்திலேயே நின்றுவிட்டது.

கொத்தனார்கள் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. கரணையும் சாந்துச்சட்டியுமாக இத்தனை பேர் ஒரே நேரத்தில் திரண்டு ஓடினால், எங்கேயோ ஒரு வீடு இடிந்திருக்கிறது.

இதே கூட்டத்தை, இதே அழற்சியோடு, அவள் வேறு சிலரின் ரத்தத்தில் பார்த்திருக்கிறாள். மாரடைப்பு வந்து ஓரிரு நாள் ஆனவர்கள். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று படுக்க வைக்கப்பட்டவர்கள்.

முந்தாநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தவரிடம், வெறும் வாயு என்று சொன்னவள் அவள்தான். சோடா கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு ஜன்னல் அதிர ஓர் ஏப்பம் விட்டார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நாற்காலி கவிழ்ந்தது. வெளியே ஓடினாள்.

அவர் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார். இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தார்.

கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் விழுந்தடித்து ஓடி வருவார். அவள் ஒரு கரப்பான்பூச்சிக்குக் கத்தினாலும் தெருக்கோடியிலிருந்து ஓடி வருகிற மனிதர்.

திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கேற்ற குரலைத் தேடினாள்.

"என்னங்க... ஒண்ணும் அவசரமில்லீங்க. அந்தப் படியிலேயே கொஞ்சம் உக்காருங்களேன். நானே வர்றேன்."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு இனிமையாகப் பேசி அவர் கேட்டதில்லை.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு என்னடி ஆச்சு?" என்றார்.